தலைவரின் துண்டு

ஒரே ஒரு சால்வையைப் போர்த்தி, ஒரு பஞ்சாயத்துத் தலைவரைக் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆந்திரா எல்லை வரைக்கும் வெறுங்காலோடு விரட்டியவன் நான். நடந்தது நேற்றுச் சாயங்காலம்தான். இன்று காலை டீக்கடை ஷேக் தாவூத்திடம் சொன்னால், பாய் டீயைக்கூட ஆற்றாமல் சிரிக்கிறார்.

"இன்னா பரசு, ரிட்டையர் ஆனதுலேர்ந்து உன் வாய்க்கு மட்டும் ஓவர்டைமா?"

நேற்று பாய் தன் மகள் பரீதா வீட்டுக்குப் போய்விட்டார், தலைவரின் தேர்தல் கூட்டத்துக்கு வரவில்லை. சிரிக்கட்டும்.

அந்தத் தலைவர் ஜெகனுக்குப் போன தேர்தலில் நாங்கள் இரண்டு பேரும்தான் வீடு வீடாக ஓட்டுக் கேட்டோம். பாய் கடைத் தண்ணீரில் டீ போட்டால் துரு வாடை. நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டதற்கு, "நான் உங்க ஊட்டுப் புள்ள" என்று தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார் ஜெகன். கண்ணில் ஏரி உடைந்தது. ஊரே கூட அழுதது. இரும்பு ஆலை எடை மேடையில் முப்பது வருஷம் உட்கார்ந்து, லாரியைப் பார்த்ததுமே கிலோ சொன்ன நான், அந்த ஆளை எடை போடாமல் விட்டேன். ஜெயித்ததும் கடை வாசலில் குழாய் நட்டார். பூமிக்கடியில் பைப் போடவில்லை. ஐந்து வருஷமாக பாய் அதில் பால் தூக்கை மாட்டுகிறார்.

அப்படியும் இந்தத் தடவையும் பாய் ஓட்டு ஜெகனுக்குத்தானாம். "அழுவுற மனுசன் பொய் சொல்வாரா?" என்று கேட்டார் பாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நேற்று மேடையேறினேன். தலைவருக்குச் சால்வை போர்த்துமுன் தோளில் கிடக்கும் பழைய துண்டை எடுத்துவிடுவதுதானே முறை? எடுத்தேன். அம்மாடி! துண்டில் முழத்துக்கு ஒரு டப்பா தலைவலித் தைலம் தடவியிருக்கிறது! என் கண்ணிலிருந்து கொட்டியதில் இரண்டு குடம் நிரம்பியது.

"குழாயில தண்ணி எப்போங்க?" என்றேன் மைக்கில்.

"நான் உங்க ஊட்டுப் புள்ள…" தோளைத் தடவினார். கையில் ஜரிகைதான் வந்தது. முகத்தில் தேய்த்தார், தேய்த்தார், ஒரு சொட்டு வரவில்லை. நான் துண்டை முன்வரிசைக்கு நீட்டினேன். முகர்ந்தவர்கள் எல்லாம் அழுதுகொண்டே சிரித்தார்கள். ஜெகன் செருப்பைக்கூட மாட்டாமல் காரில் ஏறி வடக்கே பறந்தார்.

"ஆரம்பாக்கம் எல்லை செக்போஸ்ட் போய்த்தான் மூச்சு விட்டிருப்பாரு பாய்!"

பாய் சிரிப்பை நிறுத்தினார். நான் பையிலிருந்து துண்டை எடுத்து அவர் மூக்கருகே ஆட்டினேன். கண்ணைக் கசக்கியவர், மெதுவாகப் பால் தூக்கைக் குழாயிலிருந்து கழற்றிக் கீழே வைத்தார்.

"பரீதா ஊடு ஆரம்பாக்கத்துலதான்பா. நேத்து அங்க கார் நின்னுச்சு. எறங்கி தண்ணி கேட்டாரு. குடுத்துட்டு, நானும் குழாய பத்திக் கேட்டேன். தோளத் தடவிக்கினே இருந்தாரு."

"அழுதாரா?"

"எங்க! உடனே ஒத்துக்கினா உன்னப் புடிக்க முடியாதுன்னுதான் இவ்ளோ நேரம் சிரிச்சி மழுப்பினேன். நெசந்தான் பரசு. கால்ல செருப்பு கூட இல்ல."