சிரிப்புச் சத்தம் கேட்கும்வரை

படத்துக்குப் போகாதே என்று சொல்வதற்காகவே கிளெம் பாஸ்கம் கலிஃபோர்னியாவிலிருந்து நெப்ராஸ்காவுக்கு ரயிலேறி வந்திருந்தான். அதை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவனோ தோரா வேலை பார்க்கும் ஸ்டேஷன் சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்து, காப்பியைக் கலக்கிக் கலக்கியே ஆறவைத்துக்கொண்டிருந்தான். விமானத்தைத் தலைகீழாகப் புரட்டும்போது கூட வியர்க்காத ஆள். இன்றைக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"நல்ல படம் இல்ல தோரா. நான் ஓட்டுனதே நாலு இடம்தான். அதுலயும் என் மூஞ்சி தெரியாது."

"உன் மூஞ்சியப் பாக்க எவ போறா?" தோரா மேசையைத் துடைத்தபடியே கேட்டாள். "ஆர்வித் அதுல இருக்கானா, இல்லையா?"

"இருக்கான்."

"அப்புறம் என்ன?"

கிளெம் தொண்டையைச் செருமினான். "விழுற இடத்தையும் வெச்சிருக்கானுங்க. பாவிங்க, வெட்டிடுறோம்னு சொன்னானுங்க. வெட்டல."

துணி ஒரு கணம் நின்று, மறுபடி நகர்ந்தது.

"அந்த இடம் வந்தா கண்ண மூடிக்கிறேன். கண்ண மூடிட்டுக் கிடக்குறது எனக்கென்ன புதுசா?"

அவள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். புருஷன் ஆர்வித்தின் முகம் அவளிடம் கல்யாணப் படத்தில் மட்டும்தான் இருந்தது. அதிலும் அந்த மனுஷன் சரியான நேரத்தில் கண்ணை மூடித் தொலைத்திருந்தான். அவன் செத்துப்போன ஒரு வருஷத்துக்குள் அவன் நடையே மறந்துகொண்டு வந்தது. இடது காலை முதலில் வைப்பானா, வலதையா என்று யோசித்து யோசித்துத் தூக்கம் கெட்டது. உயிரோடு அவனை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அதற்குக் குறுக்கே யார் நின்றாலும் அவள் தள்ளிவிட்டுப் போகிறவள்தான்.

"சரி, நானும் வர்றேன்" என்றான் கிளெம்.

அவர்கள் மூன்று பேருமாகச் சேர்ந்து ஊர் ஊராகப் பறந்த காலத்தில், போரில் கழித்துக்கட்டிய ஒரு பழைய விமானம்தான் வீடு, வாசல், சொத்து எல்லாம். ராத்திரி இறக்கைக்கு அடியில் படுக்கை. விடிந்தால் அடுத்த ஊர். கிளெம் ஓட்டுவான். ஆர்வித் வெள்ளை உடுப்போடு இறக்கைமேல் ஏறி நடப்பான். அதற்கும்மேல் ஒரு உருப்படி உண்டு: வைக்கோல் அடைத்து, அதே வெள்ளை உடுப்பு மாட்டிய பொம்மை. தலைக்குள் வைக்கோலைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதால் ஆர்வித் அதற்கு 'செனட்டர்' என்று பெயர் வைத்திருந்தான்.

விளையாட்டு இதுதான். ஆர்வித் இறக்கைமேல் நின்று கூட்டத்துக்குக் கையசைப்பான். விமானம் மரக்கூட்டத்துக்குப் பின்னால் போய் மறையும். மறைந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆர்வித் முன்னிருக்கைக்குள் பதுங்கிக்கொண்டு செனட்டரை வெளியே நீட்டுவான். விமானம் திரும்பி வரும்போது வெள்ளையாக ஒன்று இறக்கையிலிருந்து நழுவி விழும். அப்போதுதான் தோராவின் வேலை. ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டுக்கொண்டு, ஊர்ப்பெண்களில் ஒருத்தியாக நின்றிருப்பவள், "ஐயோ, என் புருஷன்!" என்று அலறிக்கொண்டு வயலில் ஓடுவாள். பாதி வழியில் மயங்கி விழுவாள். ஆம்பிளைகள் அவளைத் தாண்டி ஓடிப்போய்ப் பொம்மையைத் தூக்குவார்கள். வைக்கோல் கொட்டும். ஊரே சிரிக்கும். விமானம் இறங்கியதும் ஆர்வித் இறக்கைமேல் எழுந்து நின்று, தோராவைப் பார்த்துக் கையைத் தலைக்குமேல் உயர்த்தி, 'வா' என்று இரண்டு தடவை இழுத்துக் கூப்பிடுவான். அவள் எழுந்து தொப்பியைத் தட்டிக்கொண்டு அவனிடம் ஓடுவாள். பயந்த கூட்டத்துக்குச் சிரித்தபின் தைரியம் வரும். விமானத்தில் ஏறிப் பார்க்க வரிசை கட்டி நிற்கும்.

இதில் ஆர்வித் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். சிரிப்புச் சத்தம் கேட்கும்வரை அவள் அசையக் கூடாது. ஒரு ஊரில் எறும்பு கடித்துச் சீக்கிரம் எழுந்துவிட்டாள். ஆட்டமே சப்பென்று போய்விட்டது.

"செனட்டர் எவ்வளவு ஒழுங்கா கிடக்கான், பாத்தியா மகராசி? அவன எந்த எறும்பாச்சும் கடிச்சு எந்திரிச்சிருக்கானா?" என்று வாரம் முழுக்கக் கிண்டல்.

"அப்ப அவனையே கட்டியிருக்க வேண்டியதுதான?"

"கேட்டேனே. ஓட்டு எண்ணி முடியட்டும்னுட்டான்."

அதன் பிறகு எந்த எறும்பு கடித்தாலும் அவள் அசையவில்லை.

சினிமாக்காரன் ஹாபர் வந்தது கோதுமை அறுத்து முடிந்த சமயம். ஆட்டம் பிடித்திருந்தால் மூன்று பேரையும் கலிஃபோர்னியாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னான். ஆர்வித்துக்குத் தரையில் கால் பாவவில்லை. தோராவுக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்? நிலையான ஒரு கூரை, அதற்கடியில் பீங்கான் குளியல் தொட்டி. அந்த ஆசையில்தான் அன்று காலையில் ஆர்வித்தின் உடுப்புக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டே, "இன்னைக்கு மட்டும் நல்லாப் பண்ணிடு" என்றாள். அந்த வார்த்தையை இப்போதும் நாக்கிலிருந்து பிடுங்கி எறிய முடியாமல் தவிக்கிறாள்.

ஹாபர் அவளுக்கு ஒரு இடம் காட்டினான். கேமராவுக்குப் பக்கத்தில், அறுத்த கோதுமைத் தாளுக்கு நடுவில், அங்கேதான் விழ வேண்டும். "நான் நிறுத்துற வரைக்கும் கிடங்கம்மா" என்றான். அவள் கூட்டத்துக்குள் போய்விட்டாள். அவள் போன பிறகுதான், ஆர்வித்தின் முகம் தெரிகிற மாதிரி தாழ்வாக ஒரு சுற்று கூடுதலாக வேண்டும் என்று ஹாபர் கேட்டான். ஆர்வித்தும் கிளெமும் தலையாட்டினார்கள். யாரும் அவளிடம் வந்து சொல்லவில்லை.

ஆக, விமானம் மரக்கூட்டத்துக்குப் பின்னாலிருந்து திரும்பியபோது இறக்கைமேல் நின்றது ஆர்வித்தேதான். எஞ்சின் கக்கிய எண்ணெயில் அவன் கால் வழுக்கியது. வெள்ளையாக ஒன்று விழுந்தது. தோரா செனட்டர் என்று நினைத்தாள். அலறினாள், ஓடினாள், காட்டிய இடத்தில் பூப்போல விழுந்தாள். கேமராப் பக்கம் முகம், தொப்பி கொஞ்சம் சாய்வாக, கண் மூடி. இவ்வளவு அழகாக அவள் என்றைக்கும் விழுந்ததில்லை.

கால்கள் அவளைத் தாண்டி ஓடின. அவள் காத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை. மந்தமான ஊர் என்று நினைத்தாள். தாள் கன்னத்தில் குத்தியது. விமானம் இறங்கியது, எஞ்சின் நின்றது. அப்போதும் சிரிப்பு வரவில்லை. வெகு நேரம் கழித்து யாரோ பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்கள்.

"தோரா, எந்திரி."

கிளெமின் குரல். அவள் கண்ணைத் திறக்காமல், உதட்டை அசைக்காமல் பல்லுக்குள்ளேயே சொன்னாள்: "போடா அந்தப் பக்கம். இன்னும் சிரிக்கல."

பிறகு நடந்ததெல்லாம் எந்தச் சாவு வீட்டிலும் நடப்பதுதான். கிளெம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னான். "கழுத்து முறிஞ்சிருச்சு. கீழ விழுந்த நொடியே போயிட்டான். அவனுக்கு ஒண்ணுமே தெரியாது." அந்தச் சொல்லைத் தலைக்கு வைத்துத்தான் அவள் ஒரு வருஷமாகப் படுத்துறங்கினாள். நடித்துக்கொண்டு கிடந்தாள்தான், ஆனால் அதனால் அவனுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. நொடியில் போனவனுக்கு அவள் ஓடி வந்திருந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

கொட்டகையில் மதியக் காட்சிக்குப் பாதிக் கூட்டம்தான். பேசாத படம் என்பதால் திரைக்குக் கீழே ஒரு பெண் பியானோவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். தோரா முன்வரிசைகளில் ஒன்றில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் கிளெம், தொப்பியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டு. கதாநாயகன் என்று மீசை வைத்த ஒருவன் வந்தான். விமானத்தில் ஏறத் தெரியாமல் ஏறினான், எவளையோ முத்தமிட்டான். அவளுக்கு அதெல்லாம் எரிச்சலாக இருந்தது.

பிறகு ஆர்வித் வந்தான்.

இறக்கைமேல் ஏறுமுன் காதைச் சொறிந்தான். எப்போதும் சொறிகிற அதே காது. இடது காலை முதலில் வைத்தான். "இடது!" என்று தோரா வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அவன் காற்றில் உடுப்பு படபடக்க நடந்து, கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தான். உடைந்த முன்பல் தெரிந்தது. அந்தப் பல்லையே அவள் மறந்துபோயிருந்தாள். சந்தோஷம் தாங்காமல் கிளெமின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பாரு, பாரு, பல்லப் பாரு!"

"போலாம் தோரா. பாத்தாச்சுல்ல? வா, போலாம்." கிளெம் கெஞ்சினான்.

"சும்மா இருடா."

மரக்கூட்டம் வந்தது. அவள் கண்ணை மூடினாள். கொட்டகை 'ஹா' என்று மூச்சை இழுத்தது. விழுந்தாயிற்று என்று தெரிந்ததும் திறந்தாள். ஒரு தொப்பிக்காரி வாயைப் பிளந்துகொண்டு ஓடி வந்து, திரையின் முன்பக்கம் பொத்தென்று சாய்ந்தாள். நான்தான் அது, என்ன பாந்தமாக விழுகிறேன் என்று தோராவுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

கொட்டகையில் எல்லோரும் முன்னால் கிடந்த பெண்ணைத்தான் பார்த்தார்கள். தோராவுக்கு அவளைத் தெரியும், அவளைப் பார்க்க வேண்டியதில்லை. திரையில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் பார்த்தாள். வயலில் தூரத்தில் ஆட்கள் குனிந்து நின்றார்கள். அவர்கள் கால்களுக்கு நடுவே வெள்ளையாகக் கிடந்தது. அந்த வெள்ளையிலிருந்து ஒரு கை மேலே எழுந்தது.

எழுந்து, இந்தப் பக்கமாக இரண்டு தடவை இழுத்தது. வா, வா. கீழே விழுந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி எழுந்தது. ஆட்களில் ஒருவன் அந்தக் கையைப் பிடித்துத் தாழ்த்தினான். அது உருவிக்கொண்டு திரும்பவும் கூப்பிட்டது. முன்னால் கிடந்தவள் அசையவில்லை. காற்றில் தொப்பியின் ரிப்பன் மட்டும் ஆடியது.

"நொடியில போயிட்டான்னு சொன்னியே" என்றாள் தோரா.

கிளெம் தொப்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "வேற என்ன சொல்லச் சொல்ற? நான் எறங்கி ஓடி வர்றப்ப உன் பேரத்தான் சொல்லிட்டிருந்தான். உன்னக் கூட்டிட்டு வர்றேன்னு திரும்புனேன். அதுக்குள்ள..."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. திரையில் கை இன்னும் எழுந்துகொண்டிருந்தது, முன்னைவிடத் தாழ்வாக. இன்னும் நேரம் இருக்கிறது. இப்போது எழுந்து ஓடினாலும் போய்விடலாம். தோரா இருக்கையிலிருந்து எழுந்து நின்றாள்.

"எந்திரிடி!" என்று கத்தினாள். "அவன் கூப்பிடுறான்டி! கண்ணத் தொறடி, பாவி, எந்திரிச்சு ஓடுடி!"

பியானோ நின்றது. எத்தனையோ ஊர்களில் பொய்யாக அலறிப் பழகிய தொண்டை அது. கொட்டகையின் கடைசி வரிசைவரை கணீரென்று போயிற்று. அங்கே இங்கே தலைகள் திரும்பின. கூட்டத்தில் நின்று அலறச் சினிமாக் கம்பெனியே ஆள் அனுப்பியிருக்கிறது போலும் என்று எவனோ பின்னாலிருந்து சொன்னான். ஒருத்தி களுக்கென்றாள். பிறகு இன்னொருவன், பிறகு ஒரு வரிசை, பிறகு கொட்டகை மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது.

திரையில் கிடந்தவளுக்கு அந்தச் சிரிப்பு கேட்கவில்லை. அவள் சொன்னபடியே, கண்ணைத் திறக்காமல், ஒழுங்காகக் கிடந்தாள்.