முன்மேசைக்காரனின் காது

அந்தப் பாட்டைப் பாடச் சொன்னது றோஸிதான். பழியைத் தூக்கி இன்னொருவர் தலையில் போடுகிற ஆள் அவள் இல்லை.

அன்று அவர்களுடைய கல்யாண நாள். பன்னிரண்டு வருஷமாக அவள் புருஷன் ஒஸ்வால்ட் வெள்ளிக்கிழமைகளில் கொள்ளுப்பிட்டிக் கிளப் ஒன்றில் புளூஸ் என்கிற சோகப்பாட்டு வாசிக்கிறான். அவள் கொட்டாஞ்சேனை வீட்டில் சோற்றை மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பாள். அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சாறி உடுத்துக்கொண்டு கூடப் போனாள்.

"உனக்கு என்ன பாட்டு வேணும்? கேள்," என்றான்.

"தம்பியின்ர பாட்டு."

அவள் தம்பி ஹியூபேட்டை மட்டக்குளிச் சந்தியில் யாரோ வெள்ளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஆறு கிழமை, ஒன்றரை மாதம். ஒஸ்வால்ட் அதை வீட்டில் பாட்டாகக் கட்டிவைத்திருந்தான். றோஸி மூன்று பொலிஸ் நிலையங்களுக்கு அலைந்தாள். மூன்றிலும் ஒருத்தனாவது முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவேண்டுமே! "பொடியன் வெளிநாட்டுக்குப் போயிருப்பான்," என்று இளித்து அனுப்பினார்கள். அந்தப் பேரை நாலு பேர் முன்னால் ஒரு தரமாவது யாராவது உரத்துச் சொல்லவேண்டும். அவளுக்கு அது போதும்.

"உனக்கென்ன விசரே? முன்மேசையில இருக்கிறவன் ஆரெண்டு தெரியுமே?" என்றான் ஒஸ்வால்ட்.

பெரிய இடத்துப் பிள்ளை. முதுகுக்குப் பின்னால், இடுப்பில் துவக்குச் செருகிய இரண்டு தடியன்கள்.

"அவனுக்குத் தமிழ் விளங்குமே?"

"விளங்காது."

"பிறகென்ன?"

இந்தப் புத்திகெட்ட நியாயத்துக்கு ஒஸ்வால்டும் தலையாட்டினான், பாருங்கள்.

கிட்டார் மெல்லச் சிணுங்கத் தொடங்கியது. கூட வாசிக்கிற நிலாம் பின்னால் ட்றம்ஸை அடக்கித் தட்டினான். புளூஸில் ஒரு வரியை இரண்டு தரம் சொல்லிவிட்டு, மூன்றாவதில்தான் நெஞ்சில் கிடப்பதைக் கொட்டுவார்கள். ஒஸ்வால்ட் கண்ணை மூடிக்கொண்டு கொட்டினான்.

மட்டக்குளிச் சந்தியில வேன் ஒண்டு நிண்டது,
ஐயோ, மட்டக்குளிச் சந்தியில வேன் ஒண்டு நிண்டது,
செருப்பு மட்டும் றோட்டில கிடக்குது, எங்கட ஹியூபேட் எங்கே?

ஒரு வெள்ளைக்காரி ஒன்றும் விளங்காமலே தலையை ஆட்டினாள். றோஸிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆறு கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒழுங்காக மூச்சு விட்டாள்.

ஆனால் மட்டக்குளி, வேன், ஹியூபேட், இந்த மூன்றையும் விளங்கிக்கொள்ளத் தமிழ் எதற்கு? முன்மேசைக்காரன் கிளாஸைக் கீழே வைத்தான். ஊரைக் கேட்டு அவன் முகம் மாறவில்லை. வேனைக் கேட்டும் மாறவில்லை. பேரைக் கேட்டதும் மாறியது. றோஸி அதைக் கண்ணால் கண்டாள். இவனுக்குத் தம்பியைத் தெரியும்!

அவன் விரலை அசைத்தான். ஒரு தடியன் மேடையில் ஏறித் துவக்குப் பிடியால் ஒஸ்வால்டின் வாயில் அடித்தான். பல்லோடு இரத்தம் தெறித்தது. விழுந்தவனின் இடது கையை இழுத்து மேடை விளிம்பில் வைத்து, சப்பாத்துக் குதியால் மிதித்தான். ஒரு மிதி அல்ல, நாலு மிதி. மைக் பக்கத்தில் கிடந்ததால் எலும்பு முறிகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. பாய்ந்து வந்த நிலாமை மற்றவன் உதைத்து ட்றம்ஸின்மேல் தள்ளினான். கிளப்பில் ஒருத்தன்கூடக் கதிரையை விட்டு எழும்பவில்லை. தூ!

றோஸி தடியன்களிடம் போகவில்லை. நேரே முன்மேசைக்குப் போனாள்.

"கோ மகே மல்லி? எங்கே என்ர தம்பி?"

அவன் சிரித்தான். "ஆற்றில் போய்த் தேடு," என்றான் சிங்களத்தில்.

அவ்வளவுதான். ஆறு கிழமையாக அந்தோனியாருக்குக் கொளுத்திய மெழுகுதிரியெல்லாம் அந்த ஒரு சொல்லில் அணைந்துபோயின. றோஸி அவன் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்துச் சரித்து, காதில் பல்லைப் பதித்தாள். முதுகில் அடி விழுந்தது. விலாவில் விழுந்தது. விடவில்லை. காது பிய்ந்து வாய்க்குள் வந்த பிறகுதான் விட்டாள். அவன் வெட்டுப்பட்ட பன்றியாகக் கத்தினான். தடியன்கள் அவனைத் தூக்கிக்கொண்டு வாகனத்துக்கு ஓட, நிலாம் இவர்கள் இரண்டு பேரையும் குசினிப் பின்வாசல் வழியாக இழுத்து ஓட்டோவில் போட்டான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு பொலிஸ் கொன்ஸ்டபிள் முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்து, சிங்களத்தில் கேட்டான்.

"கைக்கு என்ன நடந்தது?"

"கதவு நசித்தது," என்றான் ஒஸ்வால்ட், வீங்கிய வாயால். அந்த விரல்கள் இனிக் கம்பி தொடாது என்று டொக்டர் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கொன்ஸ்டபிள் றோஸியின் முகவாயில் காய்ந்திருந்த இரத்தத்தைப் பார்த்தான். "உங்களுக்கு?"

"றோஸி, வாயை மூடு. உன்னைக் கும்பிடுறன்," என்றான் ஒஸ்வால்ட்.

"சொல்லாதீங்க, உசிரோட விடமாட்டானுவள்," என்றான் நிலாம்.

றோஸிக்கும் பயம்தான்.

"இது என்னுடைய இரத்தம் இல்லை," என்றாள் சிங்களத்தில். "அந்தக் கதவுக்குக் காது இருந்தது. கடித்தது நான்தான். அதைப் பிறகு எழுதுங்கள். முதலில் என் தம்பியின் பேரை எழுதுங்கள். ஹியூபேட்."

கொன்ஸ்டபிள் வாசற்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினான்.

றோஸி அதைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தாள்.