கிளியக்கா இருந்த கிணறு

கீழ்க்கட்டளையில் எங்கள் கிணற்றில்தான் கிளியம்மாள் அக்கா விழுந்து செத்தாள். கல்யாணமாகாமலே செத்ததால் எங்கள் வீட்டுத் தெய்வமான பூவாடைக்காரி அவள்தான். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் உடுக்கை அடித்து, அவளைத் தண்ணீரிலிருந்து கலசத்துக்கு அழைக்க வேண்டும். வந்துவிட்டால் கலசம் கனக்கும். அவள் வராமல் கட்டிய தாலி நிலைக்காது என்பார்கள். எண்பத்தாறாம் வருடம் தை மாதம் எனக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

அந்த மாதம்தான் நாகலக்ஷ்மி மேடம் எங்கள் கிணற்றைத் தேடி வந்தார். தாம்பரம் பக்கம் ஒரு காலேஜில் லெக்சரர். நிலத்தடி நீர் ஆராய்ச்சிக்கு டில்லியில் பணம் தருகிறார்களாம். அதை எப்படி எழுதிக் கேட்பது என்று ஸ்ரீநிவாசராகவன் என்ற புரொபசர் லெக்சரர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கிணற்றையாவது முழுக்க இறைத்து, எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்று அளந்து வந்தால்தான் டில்லிக்காரர்கள் மதிப்பார்கள் என்று சொல்லியிருந்தாராம்.

"வெள்ளிக்கெழம பொண்ண அழைச்சிக்கிறோம். அதுக்கப்புறம் எறைச்சிக்கோம்மா," என்றாள் அம்மா. மேடம் ஒப்புக்கொண்டார்.

ஆனால் தண்ணீர் இறைக்க அவர் சொல்லி வைத்திருந்த எஞ்சின்காரர் ஜெயவேலுவுக்கு வெள்ளிக்கிழமை வேறு இடத்தில் வேலை. வியாழனன்றே வந்து எஞ்சினைப் போட்டுவிட்டார். நாங்கள் எல்லோரும் கல்யாணப் பத்திரிகை வைத்துப் படைக்கக் குன்றத்தூர் கோயிலுக்குப் போயிருந்தோம். மேடம் வந்தபோது கிணறு பாதி இறங்கியிருந்தது. நிறுத்தச் சொல்லவில்லை. டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் திரும்பியபோது தண்ணீர் காலனி மனைகளுக்குள் ஓடி மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதன் பின்னாலேயே ஓடினாள்.

"கிளீ! எங்கடி போற? கிளீ!"

"இன்னா யக்கா, தண்ணிய பேர் சொல்லி கூப்ட்டுகினு கீற?" என்று சிரித்த ஜெயவேலு, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எஞ்சினை நிறுத்தினார். அதற்குள் கிணற்றில் சேறுதான் மிச்சம்.

காலைக்குள் கிணறு பழைய மட்டத்துக்கு ஊறிவிட்டது. "ஃபுல்லா திரும்பி வந்துடுத்தும்மா," என்றார் மேடம்.

"தண்ணி வந்துச்சி. அவ வந்தாளா?"

உடுக்கை அடித்தார்கள். அப்பா கலசத்தைக் கயிற்றில் இறக்கி முகந்தார். ஒற்றைக் கையால் தூக்கிவிட்டார். மறுபடி முகந்தார்.

"பூ மாரி கீது," என்று அழுதார். "எம்பொண்ணு இதுல இல்ல."

"அப்ப கல்யாணத்த நிறுத்திடுங்க," என்றார் உடுக்கைக்காரர்.

மேடம் கிளம்பிப் போனார். சாயங்காலம் துண்டில் சுற்றிய ஒரு பாட்டிலோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"மொத தடவை வந்தப்போ எடுத்தேன். பழைய தண்ணி இவ்வளவுதான் இருக்கு. டில்லிக்கு எழுத டெஸ்ட் பண்ணணும்னு லேப்ல வெச்சிருந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "இறுக மூடின பாட்டில்மா. ஆனா அந்த அலமாரியத் தொறந்தாலே மருக்கொழுந்து வாசனை."

மருக்கொழுந்து வைக்காமல் அக்கா வெளியே போனதில்லை. அதை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

"இத்த குடுத்துட்டா ஒன் டில்லி இன்னா ஆவுறது?" என்றாள் அம்மா.

"இது இல்லாம எழுதினா சார் தூக்கிப் போட்டுடுவார். போடட்டும்."

மேடமே கலசத்தில் ஊற்றினார். அப்பா ஒரு கையால் தூக்கப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும். கனம் தாங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா கலசத்தின் மேல் குனிந்தாள்.

"படிப்ப எட்டாவதோட நிறுத்திட்டோம்னு கோவமாடி? காலேஜ்ல போயா குந்திகினு இருந்த?"

யாரும் அசைக்காமலே கலசம் தளும்பி அம்மாவின் கன்னத்தை நனைத்தது.