டபிதாவின் மூன்றடிக் கல்லறை

1

இந்தக் கதையை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிறர் வீட்டு முன்னோரைத் தேடிக் கொடுப்பது கென்டக்கியில் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு. செத்தவர்களோடு மாரடித்து அலுத்துவிட்டது. ஆனால் வெர்னா சைஸ்மோர் ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, உங்கள் தலையில் கட்டுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "பனி கொட்டும் காட்டில், தணல் சட்டியோடு ஆறு வயது டபிதா..."

[அடித்துவிட்டேன். எல்லைக்காட்டுக் குழந்தை என்று உட்கார்ந்தாலே பனி தானாகக் கொட்டத் தொடங்கிவிடுகிறது.]

இரண்டாவது: பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற வெர்னாவுக்கு எழுபத்து நான்கு வயது. போதும், இதுவே இருக்கட்டும்.

குடும்பக் கதை இது. காட்டில் குடியேறியவர்கள் மரத்தால் கட்டிய கோட்டையில் அடுப்பெல்லாம் அணைந்த ஒரு குளிர்காலத்தில், டபிதா அடுத்த கோட்டைக்குத் தனியாக நடந்துபோய்த் தணல் கொண்டுவந்தாள். பதினான்கு உயிர் பிழைத்தது. வெர்னா அவள் வழிவந்தவர். ஒவ்வொரு மே மாதமும் ஒரு ஞாயிறு, நாற்பது உறவினர்கள் மலையேறி அவள் கல்லறையில் பூ வைத்து, அங்கேயே கோழி வறுவல் சாப்பிட்டு, தணல் கதையைச் சொல்வார்கள். இந்த வருடம் புதுக் கல் வைக்கிறார்கள். பெயர் செதுக்கியாயிற்று, பிறந்த, இறந்த வருடங்கள்தான் பாக்கி. அதைக் கண்டுபிடிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்.

(கல்லறை மூன்றடிதான். பிள்ளை பெற்று வாழ்ந்தவளுக்கு இவ்வளவுதானா என்று கேட்டேன். "அந்தக் காலத்து ஆளுங்க குள்ளம், கண்ணு" என்றார் வெர்னா. குடும்பமே அப்படித்தான் நம்பியிருக்கிறது.)

3

மிசௌரியில் ஒரு தூரத்து உறவினரிடம் பழைய குடும்ப பைபிள் இருந்தது. டபிதாவின் தாய் தன் பிள்ளைகளின் பெயரை எழுதிவைத்த பக்கம். டபிதா, பிறப்பு 1782. காய்ச்சலில் இறப்பு 1786. அடுத்த வரி: டபிதா, பிறப்பு 1787. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்ததற்கு வைப்பது அன்று வழக்கம். தணல் கொண்டுவந்தது இளையவள். மணமாகி மிசௌரிக்குப் போய் அங்கேயே அடக்கமானாள். கென்டக்கியில் தங்கிவிட்ட அவள் மகன் ஒருவனின் வழிதான் வெர்னா.

நகலை வெர்னாவின் சமையலறை மேசையில் வைத்தேன்.

"அப்ப மலைமேல இருக்கறது?"

"மூத்தவ. நாலு வயசு."

"அவ என்ன பண்ணா?"

"ஒண்ணும் பண்ணல வெர்னாம்மா. காய்ச்சல் வந்து செத்துப்போனா."

அழுதார். [செத்து இருநூறு வருடத்துக்கு மேலாகிவிட்ட குழந்தைக்கு யாராவது அழுவார்களா? வேறு எழுத்தாளரின் கதையென்றால் வெட்டச் சொல்லியிருப்பேன். ஆனால் அழுதார்.]

"விஷயத்தச் சொன்னா அடுத்த வருஷம் ஒருத்தனும் மலையேற மாட்டான். என் தம்பி மவன் டேரல் இருக்கானே, மொத ஆளா மிசௌரிக்கு வண்டியக் கிளப்பிடுவான்."

"சொல்லாம விட்டா?"

"பூ வரும். ஆனா அவளுக்கு வராது."

4

முடிவு அ: இளையவளின் வருடங்கள். நாற்பது பேரும் வருவார்கள்.

முடிவு ஆ: 1782, 1786. வெர்னா மட்டும் வருவார், முட்டி தாங்கும்வரை.

முடிவு இ: இருவரையும் ஒரே கல்லில்... [வெர்னாவே மறுத்துவிட்டார். "தணல் தூக்கினவளத்தான் எல்லாரும் பாப்பாங்க."]

கல் செதுக்குபவர் திங்கட்கிழமை வருகிறார். "நீயே சொல்லு கண்ணு, ஒண்ணுமே பண்ணாத பிள்ளைக்கு எவன் பூ கொண்டாருவான்?" என்பதுதான் வெர்னாவின் கேள்வி. நான் களைத்துவிட்டேன். இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதுங்கள்.

டபிதா, ______ – ______

உண்மையான வருடங்களை எழுதுகிறவர்கள், மே மாதம் கொஞ்சம் பூவும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.