திறந்தே நின்ற வால்வு

எரியோடு ஊருக்கு மேற்கே உழாமல் கிடந்த கரம்பில், ரொனால்டு தன் கையால் கட்டிய சின்ன விமானத்தை ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்திருந்தான். தரையில் ஓட்டத்தான், பறக்க அல்ல. அப்படிச் சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் அவன் அக்கா ரோஸ்மேரி திண்டுக்கல்லிலிருந்து கூட வந்தாள்.

உடைசலுக்கு வந்த காரொன்றின் ரோட்டரி இன்ஜினை விமானத்தில் பூட்டியிருந்தான். அதில் பிஸ்டன் கிடையாது. உள்ளே முக்கோணச் சுழலிகள் சுற்றும். அவை சூட்டில் பற்றிக்கொள்ளாமல் காப்பது எண்ணெய். அந்த எண்ணெயின் அழுத்தத்தை ஒரு குட்டி வால்வு அளவோடு வைத்திருக்கும். அழுத்தம் மிஞ்சினால் திறந்து, மிச்சத்தை அடித்தொட்டிக்கே திருப்பிவிட்டு மூடிக்கொள்ளும்.

"நான் தரையப் பாத்து ஓட்டணும். நீ ஆயில் பிரஷர மட்டும் பாத்துக்கக்கா. அம்பதுக்குக் கீழ போனா ஒரு சத்தம் குடு, நிப்பாட்டிருவேன்" என்று, அந்த அழுத்தத்தை எண்ணாகக் காட்டும் டேப்லெட்டை அவளிடம் கொடுத்தான். போனில் பேசுவதற்கு அவன் ஹெல்மெட்டுக்குள் இயர்போன் இருந்தது.

முதல் ஓட்டம் நன்றாகவே போனது. இரண்டாவதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடேறிவிட்டது. அந்தக் கோடியில் திரும்பி அவன் வேகமெடுத்தபோது, எழுபதில் நின்ற எண் மளமளவென்று இறங்கியது.

"ரொனால்டு! குறையுது, நிப்பாட்டு!"

"என்னக்கா? ஒண்ணும் கேக்கல!"

"நிப்பாட்டுடா!"

இரைச்சல் அவள் குரலை விழுங்கியது. துப்பட்டாவை உருவி இரண்டு கையாலும் ஆட்டினாள். சந்தோஷத்தில் ஆட்டுகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, அவனும் கையை அசைத்தான். அந்த நேரம் பார்த்து எதிர்க்காற்று ஒன்று அடித்தது. சக்கரங்கள் தரையை விட்டுவிட்டன.

எதிரே தென்னந்தோப்பு. இறக்க இடம் போதாது. அவன் இன்ஜினை இன்னும் முடுக்கித் தோப்பைத் தாண்டினான். திரையில் முப்பது, பதினெட்டு, ஒன்பது. ரோஸ்மேரி டேப்லெட்டை இறுக்கிப் பிடித்தபடி, "மாதாவே, மாதாவே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தோப்புக்கு அப்பால் சத்தம் பட்டென்று நின்றது.

ஓடினாள். வாய்க்காலில் ஒரு செருப்பு போனது. சோளக்காட்டில் குப்புறக் கிடந்த விமானத்திலிருந்து காட்டுக்காரர் சோலைமலை அவனை இழுத்துப் போட்டிருந்தார்.

"உசுரு இருக்கு தாயி, அழுவாத. காலுதான் போச்சு" என்றார்.

தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது.

நண்பன் மணிமாறன் பிறகு இன்ஜினைப் பிரித்துப் பார்த்தான். எண்ணெய் கசியாமலிருக்கக் கேஸ்கட்டுக்குப் பூசிய பசையில் ஒரு துணுக்கு, அரிசி நொய் அளவுதான், வால்வின் வாயில் சிக்கி அதை மூடவிடாமல் செய்திருந்தது. எண்ணெயெல்லாம் சுழலிகளுக்கு எட்டாமல் தொட்டிக்கே திரும்ப, அவை சூட்டில் பற்றிக்கொண்டிருக்கின்றன.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரொனால்டு அதைக் கேட்டதும் முகம் மலர்ந்தான். "அம்புட்டுத்தானா? அடுத்த இன்ஜினுக்குப் பசையே வேணாம்க்கா."

"அடுத்த இன்ஜினா?"

"சென்னையில ஒண்ணு கெடக்காம். மணி விசாரிச்சிட்டான்."

காலுக்கு மேலே தொங்கிய கயிற்றையும் எடைகளையும் ரோஸ்மேரி பார்த்தாள். திட்ட வாயெடுத்தாள். அவனோ கட்டிலருகே நின்ற மணிமாறனிடம் வால்வு ஸ்பிரிங்கின் கனத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். ஆறிப்போன கஞ்சியை எடுத்துக்கொண்டு, சூடாக்கித் தரச் சொல்லக் கேண்டீனுக்கு இறங்கிப் போனாள்.