பூட்டப்பத்தனம்

பல் வலி என்று சொல்லித்தான் உள்ளே போனேன். பல் வலிக்கவில்லை. அந்தப் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான் காரணம். வீட்டை விட்டுப் போன பிறகு அவள் என் போனை எடுப்பதில்லை. அவளுடைய அக்கா வீட்டுக்குப் போனால், அக்கா புருஷன் வாசலிலேயே நிற்கவைத்து வெயிலைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு அனுப்பிவிடுகிறார். நோயாளியை யாரும் வாசலில் நிறுத்த முடியாது.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நைட் ஷிப்ட்டை விட்டுடறேன், வீட்டுக்கு வா. பஸ்ஸில் வரும்போதே நாலைந்து முறை சொல்லிப் பார்த்திருந்தேன்.

அவள் போனில் யாருக்கோ நேரம் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பேச்சு ஒரு நொடி நின்று, பிறகு தொடர்ந்தது. போனை வைத்துவிட்டு, "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றாள். கல்லூரியில் பழகிய நாளிலிருந்து நாங்கள் 'நீ'தான். கல்யாணத்தன்றுகூட அது மாறவில்லை.

உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர். அவருக்குக் கட்டிய பல்செட் ஈறில் உறுத்துகிறது என்று வந்திருக்கிறார். கருவிகளைக் கழுவி அடுக்கும் பெரியம்மா அவரை விசாரித்துக்கொண்டிருந்தாள். விசாரித்ததில் தெரிந்தது, மனிதர் சாப்பிடும்போது பல்செட்டைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுகிறார். மென்றால் தேய்ந்துவிடுமாம். மற்ற நேரமெல்லாம் போட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார்.

பெரியம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஐயா, இது சுத்தப் பூட்டப்பத்தனம்."

எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

அது என் வார்த்தை.

கல்லூரியில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்தவரை 'கைக்குட்டை' என்போம். எந்நேரமும் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அடைமொழிகளைப் பற்றிப் பாடம் எடுத்தார். தலையும் காலும் புரியாத ஒரு நிலைமை, உள்ளே போக வெளியே போ என்கிற மாதிரி ஒரு சட்டம், அதைச் சொல்ல ஆங்கிலத்தில் சாதாரண வார்த்தை போதாதபோது கதைகளிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்றார். சில சமயம் எழுதியவனின் பெயரோடு ஒரு வாலை ஒட்டுகிறார்கள், சில சமயம் கதையில் வரும் ஆளின் பெயரோடு. அதைச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் புத்தகத்தைத் தொட்டதுகூட இல்லை. "படிக்காதவன் வாய்ல வந்தாத்தான்டா எழுதினவன் ஜெயிச்சான்னு அர்த்தம்" என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் அந்தப் படிப்பை முடிக்கவில்லை. அந்த வகுப்பிலிருந்து எனக்குத் தங்கியது இரண்டுதான். பக்கத்து பெஞ்சில் இருந்தவள், பிறகு அந்த ஒரு வாக்கியம்.

அந்த வாரமே ஒரு கதை எழுதினேன். அதில் பூட்டப்பர் என்று ஒரு ஆள். அவரிடம் ஒரு பெட்டி. சாவி தொலைந்துவிடுமோ என்று அவருக்கு எப்போதும் பயம். பையில் வைத்தால் பை தொலையும், இடுப்பில் செருகினால் விழும். கடைசியில் உலகத்திலேயே பத்திரமான இடத்தில், அதாவது பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்து மூடிவிடுகிறார். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பெட்டி. பிறகு காலமெல்லாம் அதன்மேல் உட்கார்ந்து காவல் காக்கிறார். உடைத்துவிடலாமே என்று ஒருவன் சொன்னதற்கு, உடைச்சிட்டா உள்ள இருக்கற சாவிக்கு என்ன மரியாதை என்று கேட்கிறார்.

அவள் மாடிப்படியில் நின்றபடி அதைப் படித்தாள். பாதியில் சிரிப்புத் தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எந்தப் பத்திரிகையும் அதைப் போடவில்லை. மொத்தத்தில் அந்தக் கதைக்கு ஒரே வாசகி. ஆனால் வார்த்தை எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. நனைந்துவிடும் என்று பயந்து குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் பூட்டப்பத்தனம். நல்ல துண்டு அழுக்காகிவிடும் என்று விருந்தாளியைக் கிழிந்த துண்டில் கை துடைக்கச் சொன்னால் அதுவும்.

நான் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்ததே எழுதுவதற்காகத்தான். பகல் முழுக்க என்னுடையது என்று கணக்குப் போட்டேன். இரவெல்லாம் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, குளிர் குறைகிறதா என்று மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். பகலில் தூங்கினேன். அவள் கிளம்பும்போது நான் வருவேன், நான் கிளம்பும்போது அவள் வருவாள். ஒரே கட்டிலை ஆள் மாற்றிப் பயன்படுத்தினோம். தலையணையில் இருந்த சூட்டை வைத்து, இன்றைக்கு அவள் எத்தனை சீக்கிரம் எழுந்திருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். எழுதிய பக்கம் ஒன்றும் இல்லை. ஒரு காலை அவள் "கதவச் சாத்திக்கோ" என்றாள். தினமும் சொல்வதுதான். சாத்திவிட்டுத் தூங்கினேன். சாயங்காலம் எழுந்தால் அவள் பக்கத்து அலமாரியில் வெறும் பலகை.

இப்போது பெரியம்மா என் வார்த்தையைச் சொல்கிறாள். கதையைப் படிக்காத வாய். அந்த நிமிஷம் எனக்குக் கைக்குட்டை வாத்தியாரைத் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டும்போல இருந்தது. வந்த வேலையே மறந்துபோயிற்று. பெரியவர் உள்ளே போனதும், அது என்ன வார்த்தை, எங்கே பிடித்தீர்கள் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். குரலில் ஒன்றும் காட்டாமல்தான் கேட்டேன்.

"இங்க எல்லாரும் சொல்றதுதான் தம்பி. டாக்டர்கூட சொல்வார்." வரவேற்பு மேஜைப் பக்கம் தாடையைக் காட்டினாள். "அந்தப் பொண்ணு கொண்டாந்தது. அவ வீட்டுக்காரர் பேராம் அது, பூட்டப்பர்னு. பெட்டிச் சாவிய பெட்டிக்குள்ளயே போட்டுப் பூட்டுவாராம் மனுஷன்."

"இப்ப எங்க இருக்கார்?"

"இல்ல போலருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "அவ 'இருந்தார்'னுதான் சொல்லுவா. நாங்களும் தோண்டிக் கேக்கறதில்ல, பாவம்."

பிறகு என் முறை வந்தது. அவளே கூப்பிட்டாள், முழுப் பெயரையும் சொல்லி, அடுத்தவரைக் கூப்பிடும் அதே குரலில். நான் எழுந்து மேஜையருகே நின்றேன். சொல்வதற்கு அதுதான் நேரம். ஆனால் வாயில் வேறொரு கேள்வி வந்து நின்றது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று. இரண்டும் முட்டிக்கொண்டு எதுவும் வரவில்லை. திரும்பி வரும்போது நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று உள்ளே போனேன்.

இடது பக்கத்தைக் காட்டினேன். டாக்டர் தட்டித் தட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் முத்து மாதிரி இருக்கிறது என்றார். வலது பக்கம் பார்த்தவர் ஒரு சீழ்க்கை அடித்தார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று அடிவரை போயிருக்கிறதாம். வலிக்கவே இல்லையே என்றேன். உள்ளே எல்லாம் செத்து ரொம்ப நாளாகிவிட்டது, அப்புறம் எப்படி வலிக்கும் என்றார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஊசி இறங்கிவிட்டது. பல் சுலபமாக வந்துவிட்டது.

வெளியே வந்தேன். பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தேன். வலது பாதி உதடு, நாக்கு, தாடை எதுவும் என்னுடையதாக இல்லை. பேசுவதற்கென்றே வந்தவன் வாயை மரக்கச் செய்துகொண்டு நிற்கிறேன். இந்தப் பூட்டப்பர் பெட்டிக்குப் பதில் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார்.

காத்திருந்த நாற்காலிகள் காலியாக இருந்தன. பெரியம்மா உள்ளே இருந்தாள். மேஜைமேல் குனிந்து, முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர்கள் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நீ ஏன் திருத்தவில்லை என்று. வாயிலிருந்து வந்தது குழந்தை கொழகொழவென்று உளறுவது போல இருந்தது. வேறு யாருக்கும் ஒரு எழுத்தும் புரிந்திருக்காது.

அவளுக்குப் புரிந்தது.

"நம்பு, நான் கதைன்னுதான் சொன்னேன்" என்றாள். 'நீங்க' போய்விட்டிருந்தது. "கேக்கறவங்க ஆளாக்கிட்டாங்க. திருத்தலாம்னு பாத்தேன். எங்க திருத்தறதுன்னு தெரியல."

பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னேன். ஈட்டுக்கு ஆ என்று என் காதிலேயே விழுந்தது. எச்சில் தாடையில் வழிந்தது. அவள் ஒரு காகிதக் கைக்குட்டையை உருவி நீட்டினாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். மாடிப்படி நினைவு. சிரிக்கவில்லை.

"விட்டுடறேனா, விட்டுட்டேனா?"

காகிதத்தால் தாடையைத் துடைத்தேன்.

"வாய் மரத்துப்போச்சு, சரியா கேக்கல. அதான் கேக்கறேன்."

அவள் வந்தால் விடலாம் என்று வைத்திருந்தேன். வராமல் வேலையையும் விட்டால் வாடகைக்கு என்ன செய்வது? நான் விட்டால்தான் அவள் வருவாள் என்பதும் தெரிந்ததுதான். மேஜையில் விரலால் 'டறேன்' என்று எழுதிக் காட்டினேன்.

அவள் அந்த வெற்று மேஜையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"பஞ்ச நல்லாக் கடிச்சுக்கோங்க" என்றாள். "மரப்பு போறவரைக்கும் சூடா எதுவும் சாப்பிடாதீங்க. உதட்டக் கடிச்சாலும் தெரியாது, பாத்துக்கோங்க."

கதவைத் திறந்துகொண்டு யாரோ குழந்தையுடன் வந்தார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பினாள்.

உதடு சாயங்காலம்தான் திரும்பி வந்தது. வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். விட்டுடறேன். சுத்தமாக வந்தது. பிறகு கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வேலைக்குக் கிளம்பினேன்.