ஐந்து நாள் படிப்பு

பீரோவின் மேல்தட்டை அக்கா குடைந்துகொண்டிருந்தாள். குழந்தையின் தடுப்பூசி அட்டை, மின்கட்டண ரசீதுகள், தம்பி பத்தாம் வகுப்பில் தோற்ற மதிப்பெண் பட்டியல் எல்லாம் கைக்கு வந்தன. விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்ட சான்றிதழ் மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியின் உடலைக் கொண்டுவர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றிருந்தார்கள்.

“அது அங்க இல்ல அண்ணி,” என்றாள் தம்பியின் மனைவி, கூடத்திலிருந்து. “செவுத்துல மாட்டியிருக்கு. பிரேம் போட்டு வச்சிருந்தாரே.”

அக்கா வரும்போதெல்லாம் பார்த்த சான்றிதழ்தான். இன்று அது அவள் நினைவுக்கே வரவில்லை.

அதிகாரி அதை ஆணியிலிருந்து கழற்றி, கண்ணாடியைத் துடைத்துப் படித்தார்.

தம்பி பெயின்ட் கம்பெனியில் பாதுகாப்பு மேற்பார்வையாளன். நேற்று மதியம் தொட்டி கழுவ இறங்கிய ஒருவர் உள்ளே தேங்கியிருந்த நச்சுக்காற்றில் மயங்கி விழுந்தார். மூச்சுக்கருவி எடுத்துவர ஆளை விரட்டிவிட்டு, அது வருவதற்குள் தம்பி கயிற்றைப் பிடித்து இறங்கிவிட்டான். கிடந்தவரைக் கட்டி மேலே அனுப்பினான். அவர் பிழைத்துக்கொண்டார். கயிறு மறுபடி இறங்கியபோது அதைப் பிடிக்க அவனுக்குச் சுயநினைவு இல்லை.

“அஞ்சு நாள் கோர்ஸா இது?” என்றார் அதிகாரி. “ஏணி, ஹெல்மெட், தீயணைப்பான்… அதோட முடிஞ்சிரும். விழுந்தவர் பின்னாடியே எறங்கக் கூடாதுங்கறது பெரிய கோர்ஸ்லதான் வரும். எறக்கி, ஏத்தி, பழக்கியே விட்டுருவாங்க. இதக் கம்பெனிதான் எடுக்கச் சொன்னதா?”

“இல்ல சார்,” என்றாள் தம்பி மனைவி. அழுது வீங்கிய முகத்திலும் ஒரு பெருமை வந்தது. “அவருக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது. அண்ணிதான் படிச்சவங்க. பள்ளிக்கூட ஆபீஸ்ல இருக்காங்க. அவங்கதான் பாத்து சேத்துவிட்டாங்க. அதனாலதான் இந்த வேலையே கெடச்சுது.”

அக்கா பீரோக் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தம்பி இரண்டு விண்ணப்பங்களை விரித்து வைத்தான். ஒன்று ஐந்து நாள். இன்னொன்று எட்டு மாதம், சனி ஞாயிறுகளில். அவன் விரல் எட்டு மாதத்தின் மேலேயே இருந்தது.

“இதுல நெஜத் தொட்டிக்குள்ளயே எறக்கிக் காட்டுவாங்களாம்க்கா.”

“உன்ன என்ன கெணறு தூர்வாரவா அனுப்பறோம்? கம்பெனிக்கு வேண்டியது ஒரு காகிதம்.” அப்போதும் அவன் விரலை எடுக்கவில்லை. “எட்டு மாசம் நீ படிச்சுக் கிழிச்சிருவியாக்கும். பத்தாவதையே மூணு தடவ எழுதினவன். பேசாம இதுல கையெழுத்துப் போடு.”

அவன் சிரித்தான். போட்டான். பேனாகூட அவளுடையதுதான்.

அவன் நல்லதுக்கென்றுதான் சொன்னாள். நேற்றிரவு முழுக்க அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். தம்பி தேறமாட்டான் என்று அன்று அவள் உறுதியாக நம்பியதும் கூடவே வந்து வந்து நின்றது.

“சார்,” என்றாள். பீரோக் கதவை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். “அவன் பெரிய கோர்ஸ்தான் கேட்டான். நான்தான் வேண்டாம்னேன். உன்னால முடியாதுன்னு சொன்னேன். அதையும் எழுதிக்கோங்க.”

படிவத்தில் எழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் பேனா நின்றது. அவர் தாளை மேலும் கீழும் பார்த்தார். “இந்த ஃபாரத்துல அதுக்கு எடமில்லம்மா,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சான்றிதழோடு வாசலுக்குப் போனார்.

தம்பி மனைவி என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்ள அக்கா தயாராக நின்றாள்.

“தெரியும் அண்ணி. எங்கிட்ட சொல்லியிருக்காரு.”

“என்னன்னு?”

“அக்கா சொன்னது நல்லதாப் போச்சு, இல்லன்னா பெயிலாகி அசிங்கப்பட்டிருப்பேன்னு.” அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். “சொல்லிட்டு சிரிச்சாரு.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

வெளியே வண்டி ஒன்று பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. யாரோ “வந்தாச்சு, வந்தாச்சு” என்றார்கள். தம்பி மனைவி எழுந்தாள், அக்காவின் தோளைப் பிடித்து நின்று, பிறகு விட்டாள்.

“பாப்பாவுக்குக் கொஞ்சம் ஷூ மாட்டிக் கூட்டிட்டு வாங்க அண்ணி. கல்லு குத்தும்.”

நான்கு வயதுக்காரி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அக்கா தரையில் மண்டியிட்டு, சின்னக் கால்களை ஒவ்வொன்றாக நுழைத்து, நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். அதன் மேல் இன்னொரு முடிச்சு.

“இறுக்கமா இருக்கு, அத்தே.”

அவிழ்த்தாள். வாசலிலிருந்து அவளைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். மறுபடி கட்டினாள்.

“இப்ப?”

குழந்தை காலை ஆட்டிப் பார்த்தது. யோசித்தது. அக்கா நாடாவை விடாமல் பிடித்துக்கொண்டு, அது என்ன சொல்லப்போகிறது என்று அண்ணாந்து பார்த்திருந்தாள்.